நான்காம் வார்த்தையின் பாட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கதை எழுதும் தகுதி எனக்கு இல்லை. தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றிருக்கிறேன். பதினேழு ஆண்டுகளாக வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் கடிதங்கள் வரைந்து வருகிறேன். இவை கதை எழுதப் போதுமானவை அல்ல என்பதை அறிவேன். இதுவரை நான் எழுதியவற்றில் எல்லாம் பிறர்தான் கையெழுத்திட்டிருக்கிறார்கள். என் பெயரில் எழுதுவது இதுவே முதல் முறை. பிழை இருப்பின் வாசிப்போர் பொறுத்தருள வேண்டும்.

நான் எழுதிய ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றிச் சொல்லவே இதைத் தொடங்குகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுவது முறை. அந்தக் கோபத்துக்கும் மன்னிப்புக் கேட்கத்தான் கை போகிறது. கேட்கப் போவதில்லை.

எங்கள் கிறிஸ்தவ சபை, வேங்கிக்காலில் புதுக் குடியிருப்புகள் முடிகிற இடத்தில் இருக்கிறது. முந்நூறு பேர் அமரலாம். அதன் நிர்வாகக் குழுவுக்கு நான் ஒன்பது ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். என்னையும் போதகரையும் சேர்த்துக் குழுவில் ஏழு பேர். தலைமை நாற்காலி போதகருடையது. முடிவு அன்பரசன் ஐயாவுடையது. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். குரலை உயர்த்தாமலேயே ஒரு கூட்டத்தை உட்கார வைக்கக் கூடியவர்.

ஆதவன் என்ற இளைஞன் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்தான். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு விழாக்களுக்கு ஒலி அமைப்புக் கட்டும் வேலை செய்துவந்தான். சபையில் பேஸ் கிட்டார் வாசிப்பான். மேடை மைக் உதட்டில் பட்டால் ஷாக் அடிக்கிறது, கட்டடத்தில் எர்த் கம்பி அறுந்துபோயிருக்கிறது, தயவுசெய்து உடனே புது எர்த் போட வேண்டும் என்று எழுதியிருந்தான்.

கடிதத்தை நான்தான் வாசித்தேன். அன்பரசன் ஐயா சிரித்தார்.

"பிரசங்கத்துல தூங்கறவங்க ஜாஸ்தியாயிட்டாங்க. கொஞ்சம் ஷாக் அடிச்சா நல்லதுதான?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நடவடிக்கைப் புத்தகத்தில் இப்படி எழுதினேன்: "கடிதம் பதிவு செய்யப்பட்டது. ஆவன செய்யப்படும்." அலுவலகத்தில் நாள்தோறும் எழுதும் வாக்கியம்தான். அதை எழுதிவிட்டால் எதையும் செய்ய வேண்டியதில்லை என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். அடுத்த இரண்டு கூட்டங்களிலும் ஆதவன் நினைவூட்டுக் கடிதம் கொடுத்தான். அடுத்த இரண்டு கூட்டங்களிலும் நான் அதே வாக்கியத்தை எழுதினேன்.

சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை, காலை பதினொரு மணி. பண்டிகைக்காகத் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஆதவன் வெறுங்காலோடு மேடையில் நின்றான். கிட்டார் தோளில் தொங்கியது. இடது கை தந்திகள் மேல் இருந்தது. "செக்" என்று சொல்லிப் பார்ப்பதற்காக மைக்கில் வாயை வைத்தான். அந்தச் சொல்லில் பாதிதான் வெளியே வந்தது.

அடுத்த கூட்டத்தின் நடவடிக்கையில், "இளைஞர் ஆதவன் தேவ சித்தத்தின்படி இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார். குழு தன் ஆழ்ந்த அனுதாபத்தைப் பதிவு செய்கிறது" என்று இருக்கிறது. தேவ சித்தம் என்ற சொற்களை முதலில் யார் சொன்னது என்பது எனக்கு நினைவில்லை. எழுதியது நான். அவனுடைய தாயார் சந்திரம்மாள், மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று காவல் நிலையத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். அதன் வாசகத்தை வரைந்து கொடுத்ததும் நான். ஒரு பிழையும் இல்லாமல் வரைந்து கொடுத்தேன்.

குழு புதிய மைக் ஒன்று வாங்கியது. எர்த் போடவில்லை.

ஆதவனின் அக்கா கவியா. இருபத்தாறு வயது. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. தம்பியும் அவளும், அவனுடைய கல்லூரி நண்பர்களான ஜீவகுமாரும் அருண்பிரசாத்தும் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள். ஜீவகுமார் கிட்டார், அருண்பிரசாத் டிரம்ஸ். கிறிஸ்தவப் பாடல்களை ஹார்ட் ராக்காகப் பாடுவார்கள். சபையில் பெரியவர்களுக்கு அது பிடிக்காது. ஆண்டுக்கு ஒரு முறை இளைஞர் கூடுகையில் மட்டும் பொறுத்துக்கொள்வார்கள். தம்பி போன பிறகு பத்து மாதம் கவியா பாடவில்லை, சபைக்கும் வரவில்லை. இந்த ஆண்டு பிப்ரவரியில் ஒருநாள் மதிய உணவு இடைவேளையில் என் அலுவலகத்துக்கு வந்தாள்.

"அக்கா, பெரிய வெள்ளிக்கு நாலாம் வார்த்தை எனக்கு வேணும்."

பழக்கமில்லாதவர்களுக்காக இதை விளக்க வேண்டும். பெரிய வெள்ளியன்று நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை எங்கள் சபையில் ஆராதனை நடக்கும். சிலுவையில் தொங்கியபடி இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் தியானிப்பார்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பாட்டு உண்டு. நான்காம் வார்த்தை, தந்தை தன்னைக் கைவிட்டுவிட்டதாக மகன் கேட்கும் கேள்வி. அதை அவர் உரத்த குரலில்தான் கேட்டார். எங்கள் சபையிலோ ஆண்டாண்டாக அதன் பாட்டை ஆர்மோனியத்தில், கண்ணை மூடிக்கொண்டு, தாலாட்டு மாதிரி பாடுவார்கள்.

"என்ன பாட்டும்மா?" என்று கேட்டேன்.

பரிசோதனைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததைக் காட்டினாள். நீளமான பாட்டு. முதல் வரிகளையும் கடைசி வரிகளையும் மட்டும் இங்கே தருகிறேன். அவள் அனுமதி பெற்றே தருகிறேன்.

விளக்கைத் திருத்த வந்தவன் இருளில் கிடக்கிறான்
கண்டீரா, கண்டீரா
நனைந்த தரையில் அவன் பெயரைக் கூப்பிட்டேன்
கேட்டீரா, கேட்டீரா

சித்தம் என்றார்கள், உம்முடைய சித்தம் என்றார்கள்
சொன்னீரா, நீர் சொன்னீரா
இல்லை என்றால் இறங்கி வாரும்
என்னோடு நின்று கதறும்

சபையில் எந்தப் புதுப் பாட்டானாலும் வரிகளை மூன்று பிரதிகள் தட்டச்சு செய்து குழுவிடம் முன்னதாகவே கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். தாளில் இருப்பதை மட்டுமே குழு பார்க்கும். மெட்டையோ குரலையோ பற்றி எந்த விதியும் இல்லை, ஏனென்றால் அதைத் தாளில் எழுத முடியாது. நான் தட்டச்சு செய்தேன். குழு நான்கு நிமிடங்களில் ஒப்புதல் அளித்தது.

"நல்ல தமிழ். பக்தி இருக்கு," என்றார் அன்பரசன் ஐயா. ஆதவனை அந்த வரிகளில் அவர் பார்க்கவில்லை. தாள் அமைதியாக இருந்தது.

முத்திரையிட்ட பிரதியைக் கொடுப்பதற்காக ஒரு சனிக்கிழமை மாலை அடி அண்ணாமலைக்குப் போனேன். கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டிலும் சுண்டலும் விற்கும் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்றை ஜீவகுமார் வாடகைக்கு எடுத்திருந்தான். அங்கேதான் ஒத்திகை.

"வாங்கக்கா. காதுல பஞ்சு வெச்சுக்கறீங்களா?" என்றான் ஜீவகுமார்.

"வேண்டாங்க. பரவாயில்ல."

"பரவாயில்லன்னு இப்ப சொல்றீங்க."

தொடங்கினார்கள். அதை வருணிக்கும் பயிற்சி எனக்கு இல்லை. முதலில் கிட்டார், அரிசி ஆலைக்குள் நிற்பது போல. பிறகு டிரம்ஸ் என் விலா எலும்புகளில் அடித்தது. பிறகு கவியா வாயைத் திறந்தாள். முதல் வரியைச் சாதாரணமாகத்தான் பாடினாள். "கண்டீரா" என்ற இடத்தில் அவள் குரல் உடைந்து, உடைந்த இடத்திலிருந்து இன்னொரு குரல் புறப்பட்டது. அதைப் பெண் குரல் என்றோ ஆண் குரல் என்றோ சொல்ல இயலவில்லை. நான் தட்டச்சு செய்த அதே சொல்தான். என் விரல்கள் அந்தச் சொல்லின் மேல் ஓடியிருக்கின்றன. அப்போது அதற்குள் இது இருந்தது எனக்குத் தெரியவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். வாழ்நாளில் ஒரு முறைகூட அவ்வாறு யாரிடமும் எதையும் நான் கேட்டதில்லை என்பதுதான் அப்போது என் மனத்தில் ஓடியது.

நடுவே ஜீவகுமார் கிட்டாரைக் கழற்றி வைத்தான்.

"நிறுத்துங்கப்பா. பொழுது சாயறதுக்குள்ள நான் சாப்பிட்டாகணும்."

அவன் ஜைனக் குடும்பத்தைச் சேர்ந்தவன். சூரியன் மறைந்த பிறகு சாப்பிட மாட்டான். டிபன் பாக்ஸைத் திறந்தான்.

"எறும்பக் கூட மிதிக்க மாட்டானாம் அக்கா இவன்," என்றாள் கவியா. "கிட்டார எடுத்தா மட்டும் ஒரு ஊர் காதக் கொல்றான்."

"பாவத்துல பாதி பாடறவங்களுக்குத்தான்," என்றான் அவன், வாய் நிறையச் சோற்றோடு.

கவியா வெந்நீர் குடித்தாள். தொண்டை வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

"கத்தறேன்னு நினைக்கறீங்களா? தொண்டையால கத்தினா நாலு நாள்ல குரல் போயிடும்க்கா. காத்து வயித்துலருந்து வரணும், தொண்ட சும்மா வழி விடணும். மைக்க உதட்டோட ஒட்டி வெச்சுட்டா நம்ம பலம் கால்வாசி போதும், மிச்சத்த அது பாத்துக்கும். மைக் இல்லாம ஒரு ஹாலுக்கு இப்படிப் பாடினா அவ்ளோதான். கிழிஞ்சிடும்."

மீண்டும் பாட எழுந்தபோது ஒன்றைக் கவனித்தேன். ஒரு ரப்பர் விரிப்பின் மேல் நின்றுதான் பாடினாள். மைக்கை வாயருகே கொண்டுபோவதற்கு முன் ஒவ்வொரு முறையும் புறங்கையால் ஒரு கணம் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கையால் தொட்டால் மின்சாரம் கையை மடக்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிவிடலாம் என்று ஆதவன் அவளுக்குச் சொல்லியிருந்தானாம்.

பெரிய வெள்ளி எப்போதும் பௌர்ணமியை ஒட்டியே வரும். ஆகையால் எங்கள் ஊரில் அந்த வாரம் கிரிவலம் வருவோரால் சாலைகள் நிரம்பிவிடும். இந்த ஆண்டும் அப்படித்தான். திங்கட்கிழமை சபை மண்டபத்தில் அவர்கள் ஒரு முறை வாசித்துப் பார்த்தார்கள். அன்பரசன் ஐயா கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார். புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. கவியாவையும் அழைத்தார்கள். ஜீவகுமார் அவளோடு வந்து கதவருகே நின்றான்.

"உக்காரும்மா," என்றார் அன்பரசன் ஐயா. "பாட்டுல ஒண்ணும் தப்பில்ல. வரி எல்லாம் நாங்க பாஸ் பண்ணினதுதான்."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்டீங்கய்யா?"

"குரல். கொஞ்சம் கம்மி பண்ணிக்கோ."

"எவ்ளோ கம்மி?"

"ஆராதனைக்கு ஏத்தாப்போல."

"சிலுவைல தொங்கறவரு எவ்ளோ சத்தத்துல கேட்டாருங்க?"

போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெளிய கிரிவலக் கூட்டம் போயிட்டிருக்கு. யாராவது புகார் குடுத்தா நாளைக்கு சபைக்குத்தான் கெட்ட பேரு," என்றார் அன்பரசன் ஐயா.

"அவங்க மைக் செட்டு நம்மளுதவிட ஜாஸ்திங்க ஐயா," என்றான் ஜீவகுமார் கதவருகிலிருந்து. "ஒருத்தரும் நம்மள கேக்கப் போறதில்ல."

"நீ எந்த சபைப்பா?"

"நான் ஜைனருங்க."

"அப்ப வெளிய நில்லு."

"வெளியதாங்க நிக்கறேன்."

கவியா சிரிக்கவில்லை. கையிலிருந்த முத்திரையிட்ட தாளை மேசைமேல் வைத்தாள்.

"இதுல நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க. பேப்பர்ல இருக்கறத வாயத் தொறந்து சொன்னா மட்டும் ஏன் பயப்படறீங்க? என் தம்பி உங்களுக்கு மெதுவாத்தான் சொன்னான். மூணு தடவ. 'தயவுசெய்து'ன்னு எழுதிச் சொன்னான். உங்க காதுல விழுந்துச்சா?"

அன்பரசன் ஐயா அந்தத் தாளை அவள் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"மெதுவா பாட முடியாதுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

பாட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம் என்றார் அன்பரசன் ஐயா. அப்போது நான் தலையிட்டேன். ஒன்பது ஆண்டுகளில் முதல் முறையாக. "இறந்த பையனின் அக்கா, ஊர் பேசும்" என்று பணிவாகச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"சரி. நீங்களே பாத்து நல்லபடியா எழுதுங்க ரேவதிம்மா. சண்டைன்னு வர வேணாம்."

நான் நல்லபடியாக எழுதினேன். "குழுவின் ஆலோசனையை ஏற்று, குரலைத் தாழ்த்திப் பாடுவதாகச் செல்வி கவியா சம்மதித்தார்."

ஏன் அப்படி எழுதினேன் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சம்மதித்தாள் என்று எழுதிவிட்டால் குழுவின் மரியாதை காப்பாற்றப்படும், பாட்டு பட்டியலில் நிற்கும், அன்றைய நாளில் அவள் தன் விருப்பப்படி பாடிவிடுவாள், புத்தகம் அலமாரிக்குள் போய்விடும் என்று கணக்கிட்டேன். எங்கள் அலுவலகத்தில் கோப்புகள் அப்படித்தான் நகர்கின்றன. அதை உதவி என்று எண்ணினேன். சாமர்த்தியம் என்றும் எண்ணினேன்.

வாசித்துக் காட்டினேன். அவள் "முடியாது" என்று சொல்லிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அதைத் தம் காதால் கேட்ட ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். போதகரும் போட்டார். ஏழாவதாக நான் போட்டேன்.

மறுநாள் கவியாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"பாடலாம்மா. பட்டியல்ல இருக்கு."

"ஒத்துக்கிட்டாங்களா அக்கா? குரல பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"தேங்க்ஸ்க்கா," என்றாள். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் எல்லாரும் வெள்ளைப் புடவை. சந்திரம்மாள் இரண்டாம் வரிசையில் இருந்தார். மூன்றாம் வார்த்தை முடிந்தபோது மணி ஒன்றரை ஆகிவிட்டது. நான்காம் வார்த்தைக்குத் தியானம் சொன்னவர், துன்பத்தை அமைதியாகச் சகிப்பது பற்றிப் பேசினார். பிறகு கவியா மேடையேறினாள். ஜீவகுமார் ரப்பர் விரிப்பைப் போட்டுக் கொடுத்தான். அவள் மைக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். முன் வரிசைகளில் சிலர் அதைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தார்கள். எர்த் போடாமல் மைக் மட்டும் வாங்கியவர்களுக்கும், அவள் ஏன் தொட்டுப் பார்க்கிறாள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பாடினாள். கொட்டகையில் கேட்டதைவிடப் பெரிதாக இருந்தது. "கண்டீரா" என்று அவள் குரல் உடைந்தபோது ஒரு குழந்தை அழுதது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போகவில்லை. மண்டபத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. வயதான ஆண்கள் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சந்திரம்மாள் வாயைத் திறந்தபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மகனுக்காக அந்த மண்டபத்தில் அதுவரை யாரும் உரக்க அழுததில்லை. அடக்கத்தின்போதுகூட, "ஆறுதலா இருங்கம்மா" என்று அவர் வாயை மூடியிருந்தோம். இன்னும் மூன்று நிமிடம் விட்டிருந்தால் அந்த முந்நூறு பேரும் கேட்க வேண்டியதைக் கேட்டிருப்பார்கள். அது அன்பரசன் ஐயாவுக்கும் தெரிந்தது.

அவர் எழுந்து கை காட்டினார். பாட்டு நிற்கவில்லை. பக்கவாட்டுச் சுவருக்கு நடந்து மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார்.

ஓர் ஆண்டுக்கு முன், அந்தத் தரை ஈரமாக இருந்த நாளில், அணைத்திருக்க வேண்டிய சுவிட்ச்.

கிட்டார் செத்தது. அருண்பிரசாத் குச்சிகளை மடியில் வைத்துவிட்டான். விசிறிகள் மெல்ல நின்றன. அன்பரசன் ஐயா மேடைக்கு முன் வந்து நின்றார். அவர் கையில் நடவடிக்கைப் புத்தகம் இருந்தது. அதை அலமாரியிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். மைக் தேவைப்படாத தலைமையாசிரியர் குரலில் என் வாக்கியத்தை வாசித்தார்.

"இந்தப் பொண்ணு குழு முன்னாடி ஒத்துக்கிட்டுப் போச்சு. இதோ, எழுத்துல இருக்கு. பெரிய வெள்ளி அன்னிக்கு, ஆண்டவர் சந்நிதியில, குடுத்த வாக்க மீறுது. சத்தத்தப் பத்தி நான் பேசல. வாக்கப் பத்திப் பேசறேன்."

மண்டபம் திரும்பியது. என் கண்முன் திரும்பியது. அவள் குரலைத் தாங்கிக்கொண்டவர்களுக்கு வாக்குத் தவறியவளைத் தாங்க முடியவில்லை. "ஒத்துக்கிட்டு இப்படிப் பண்ணலாமா" என்று என் பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். "தம்பி செத்தா எது வேணா பண்ணலாமா?" என்றார் இன்னொருவர்.

கவியா என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"அக்கா, நான் ஒத்துக்கிட்டேனா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். "இல்லை" என்பது ஒரு சொல். எந்தப் பயிற்சியும் வேண்டாத சொல். கால்வாசி பலம்கூடத் தேவையில்லை.

"மன்னிக்கணும்," என்றேன். "இத அப்புறம் உக்காந்து பேசிக்கலாம்ங்க."

மூன்று வரிசைக்கு மேல் அதுவும் கேட்டிருக்காது.

"நான் என் காதால கேட்டேன். அவ முடியாதுன்னாங்க," என்று ஜீவகுமார் மேடையிலிருந்து கத்தினான். "நீ எந்த சபை?" என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான், அவன் சாட்சி முடிந்துபோயிற்று.

கவியா சிறிது நேரம் என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதை நான் இன்னமும் மன்னிக்கவில்லை. அவள் கோபப்பட்டிருக்க வேண்டும். பிறகு செத்துப்போன மைக்கைத் தாங்கியில் வைத்தாள். ரப்பர் விரிப்பை விட்டு இறங்கித் தரையில், ஆதவன் விழுந்த இடத்தில், வெறுங்காலோடு நின்றாள். மூச்சு இழுத்தாள்.

கடைசி நான்கு வரிகளையும் மைக் இல்லாமல் பாடினாள்.

அது வயிற்றிலிருந்து வந்ததா, தொண்டையிலிருந்து வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கடைசி வரிசை வரை கேட்டது. வெளியே சாலையில் நடந்துகொண்டிருந்த யாத்திரிகர்கள் சிலர் வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரும் புகார் கொடுக்கவில்லை. "சித்தம் என்றார்கள்" என்ற வரியில் சந்திரம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "சொன்னீரா" என்று இரண்டாம் முறை கேட்டபோது ஏதோ துணி கிழிவது போன்ற ஓர் ஓசை அந்தக் குரலுக்குள் கேட்டது. அதற்குப் பிறகும் இரண்டு வரிகள் இருந்தன. அவள் நிறுத்தவில்லை. "கதறும்" என்ற கடைசிச் சொல் வாயசைவாக மட்டுமே வந்தது. உதட்டைத் துடைத்த கைக்குட்டையில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்ததை ஜீவகுமார் பார்த்தான்.

ஐந்தாம் வார்த்தை குறித்த நேரத்தில் தொடங்கியது.

வேலூரில் மருத்துவர், குரல் நாணில் ரத்தம் கட்டிக் கிழிந்திருக்கிறது என்றார். ஆறு வாரம் பேசக் கூடாது என்றார். ஆறு மாதம் ஆகிவிட்டது. இப்போது அவள் பேசுவது காகிதத்தைக் கசக்குவது போலக் கேட்கிறது. பாடுவது பற்றிக் கேட்டபோது மருத்துவர் வேறு எதையோ பேசினார்.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, அந்த வாக்கியம் பொய், அதை அடித்து எழுத அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஏழு பேர் கையெழுத்திட்ட நடவடிக்கையைத் திருத்தக் கூடாது என்பது விதி என்றார் அன்பரசன் ஐயா. அந்த விதியை அவருக்கு ஐந்தாண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுத்ததும் நானே. "உங்களுக்கு உடம்பு சரியில்ல போல ரேவதிம்மா. கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க" என்று கனிவாகச் சொன்னார். என் பதவி விலகலை அவர்களே எழுதிக்கொண்டார்கள். "சொந்தக் காரணங்களால்" என்று எழுதியிருந்தார்கள். நல்லபடியாக எழுதியிருந்தார்கள்.

கவியா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சந்திரம்மாள் எனக்கு நாற்காலி போடவில்லை. கவியா ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: "பாட்டு வரிய வேணும்னா போட்டுக்கோங்க. ஆனா எழுதினா உரக்க எழுதுங்க அக்கா." உரக்க எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. பெயர்களை மாற்றாமல் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த உரத்த குரல் இதுவே.

நடவடிக்கைகளின் இறுதியில் சுருக்கம் எழுதுவது என் வழக்கம். இங்கும் எழுதுகிறேன்.

ஆதவன், இருபத்து மூன்று வயது.

அவன் கொடுத்த கடிதங்கள், மூன்று. கோப்பில் இப்போது இல்லை.

கவியாவின் குரல்.

நான்காம் வார்த்தையின் பாட்டு. அடுத்த ஆண்டு அது மீண்டும் ஆர்மோனியத்தில் பாடப்படும் என்று தீர்மானம் ஆகியிருக்கிறது.

அடி அண்ணாமலைக் கொட்டகை. இப்போது அதில் தண்ணீர் பாட்டில்கள் அடுக்கியிருக்கிறார்கள். ஜீவகுமார் கிட்டாரை விற்றுவிட்டான்.

சந்திரம்மாள் சபைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைகள். ஈஸ்டருக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஓர் "இல்லை". சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லப்படாதது.

எர்த் கம்பி ஈஸ்டருக்கு அடுத்த வாரம் போடப்பட்டது. வேலை ஒரு முற்பகலில் முடிந்தது.